ஒரு பென்னிக்கு மூன்று கெஜம் பாட்டு: விக்டோரியா காலத்து மியூசிக் ஹால் பாடல்கள்

1866இல் லண்டன் மேடைகளில் ஒரு புதுப் பாட்டு கிளம்பியது. பெயர் ‘ஷாம்பெயின் சார்லி’. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஷாம்பெயின் குடித்துச் சுற்றும் ஒரு மைனர், தன் பெருமையைத் தானே பாடிக்கொள்கிற பாட்டு. பாடியவர் ஜார்ஜ் லேபோர்ன். இயந்திரத் தொழிலாளியாக இருந்து மேடைக்கு வந்தவர். வரிகளை எழுதியதும் அவர்தான். மெட்டு ஆல்ஃபிரட் லீ போட்டது.

அந்தக் காலத்து லண்டன்வாசி ஒருவர் இந்தப் பாட்டை எப்படியெல்லாம் அடைந்திருக்கலாம் என்று பார்ப்போம். கையில் சில பென்ஸ் (பென்னியின் பன்மை) இருந்தால், குடித்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் அரங்கான மியூசிக் ஹாலின் மேல்மாடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து லேபோர்ன் பாடுவதையே கேட்கலாம். வீட்டில் பியானோ இருந்தால், வண்ணப் படம் போட்ட இசைத்தாளை வாங்கி வாசிக்கலாம். அப்படிப்பட்ட தாள்களில் அச்சிட்ட விலை மூன்று, நான்கு ஷில்லிங். இரண்டுக்கும் வசதி இல்லையென்றால், பாட்டின் வரிகளை மட்டும் அச்சடித்த தாளோ குட்டிப் புத்தகமோ தெருமுனையில் ஒரு பென்னிக்குக் கிடைக்கும். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். நான்கு ஷில்லிங் என்றால் 48 பென்ஸ். ஓர் இசைத்தாளில் போட்டிருந்த விலைக்கு 48 பாட்டுப் புத்தகங்கள் வாங்கிவிடலாம்.

மியூசிக் ஹாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேடையோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டுகளை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் மட்டமான காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பாட்டின் பாதி அந்தக் காகிதத்தில் ஏறவே இல்லை. இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் மியூசிக் ஹால் என்றால் என்ன? பெயரைக் கேட்டால் கச்சேரி மண்டபம் போலத் தோன்றும். அது வளர்ந்தது மதுக்கடையின் பின்னறையில். 1830, 40களில் லண்டன் மதுக்கடைகள் பலவற்றில் மாலையானால் பாட்டு உண்டு. வாடிக்கையாளர்களே பாடுவார்கள், கொஞ்சம் பேர் காசுக்குப் பாடுவார்கள். வசதியுள்ள ஆண்களுக்கென்று இரவுச் சாப்பாடும் பாட்டும் சேர்ந்த இடங்கள் தனியாக இருந்தன. அவற்றில் ஒன்று மெய்டன் லேனில் இருந்த சைடர் செல்லர்ஸ். தூக்குமேடைக்குப் போகும் ஒரு புகைபோக்கி துடைப்பவன் உலகத்தையே சபிப்பதாக அமைந்த ‘சாம் ஹால்’ என்ற பாட்டை டபிள்யூ. ஜி. ராஸ் பாட, அதைக் கேட்கவே அங்கே கூட்டம் கூடியது.

1843இல் நாடக அரங்குகளுக்கான புதுச் சட்டம் வந்தது. நாடகம் போட வேண்டுமா, அரங்குக்குள் குடியும் புகையும் கூடாது. குடிக்க விட வேண்டுமா, நாடகம் போடக் கூடாது, பாட்டோடு நிறுத்திக்கொள். மதுக்கடைக்காரர்களுக்கு வருமானமே குடியில்தான். அவர்கள் பாட்டின் பக்கம் போனார்கள். பின்னறைகள் பெரிதாயின, மேடைகள் வந்தன. 1852இல் லாம்பெத் பகுதியில் சார்லஸ் மார்ட்டன் தன் மதுக்கடையை ஒட்டி கேன்டர்பரி ஹாலைத் திறந்தார். பெண்களையும் உள்ளே விட்டார். இது சின்ன விஷயமில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து உட்காரும் இடமாக அது மாறியது. மார்ட்டனைத்தான் ‘மியூசிக் ஹால்களின் தந்தை’ என்கிறார்கள். 1861இல் அவரே ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இன்னொன்று திறந்தார். அதற்குள் ஊரெங்கும் இவை பரவத் தொடங்கியிருந்தன. 1859இல் கிழக்கு லண்டனில் திறந்த வில்டன்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது, நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. கிளாஸ்கோவிலும் லீட்ஸிலும்கூட அந்தக் காலத்து அரங்குகள் பிழைத்திருக்கின்றன.

ஆரம்பகால அரங்கில் மேடைக்கு முன்னால் சாப்பாட்டு மேசைகள். குவளைகள் மோதும் சத்தம், சுருட்டுப் புகை. மேடையை ஒட்டித் ‘தலைவர்’ ஒருவர் தனி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு சின்னச் சுத்தியல். அதைத் தட்டிக் கூட்டத்தை அடக்கி, அடுத்துப் பாட வருபவரின் பெயரைச் சொல்வார். ஒரு பாடகருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டு மூன்று பாட்டு பாடிவிட்டு வண்டியில் ஏறி அடுத்த அரங்குக்கு ஓட வேண்டும். புகழ்பெற்றவர்கள் ஒரே இரவில் பல அரங்குகளில் பாடினார்கள்.

பாட்டின் வடிவமே இந்தச் சூழ்நிலையிலிருந்து வந்ததுதான். சத்தமான கூட்டத்தில், குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவர்களைச் சில நிமிடங்களுக்குள் பிடிக்க வேண்டும். அதனால் பாட்டில் ஒரு ஆள் இருப்பார்: மைனர், தெருவில் காய்கறி விற்பவர், வேலைக்காரப் பெண், மாமியாரிடம் மாட்டிக்கொண்டவர். அவர் ‘நான்’ என்று தன் கதையைச் சொல்வார். சரணம் கதையை நகர்த்தும். அப்புறம் பல்லவி. நம் பாட்டுகளில் பல்லவி முதலில் வரும். இங்கே சரணத்துக்குப் பின்னால் வரும், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வரும். முதல் தடவை பாடகர் பாடுவார். இரண்டாவது தடவை சிலர் சேர்ந்துகொள்வார்கள். மூன்றாவது தடவை அரங்கமே பாடும். ஒரே தடவை கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்கிற பல்லவி அமையாவிட்டால் பாட்டு தேறாது. 1891இல் லாட்டி காலின்ஸ் லண்டனில் பாடி ஊரையே ஆட்டிவைத்த ‘டா ரா ரா பூம் டி ஏ’ பாட்டின் பல்லவியில் அர்த்தமே கிடையாது, வெறும் ஓசைதான். சரணத்தில் அடக்கமான பெண்ணாக நிற்பவர், ‘பூம்’ என்ற இடத்தில் பெரிய மேளம் அதிரக் காலைத் தூக்கி உதைத்து ஆடுவார். அர்த்தமில்லாத அந்த ஓசைதான் எல்லார் வாயிலும் தொற்றிக்கொண்டது.

ஒரு பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1894இல் வந்தது, ‘நடுவே அந்த வீடுகள் மட்டும் இல்லாவிட்டால்’ என்று பல்லவி முடியும். எழுதியவர் எட்கர் பேட்மன், மெட்டு ஜார்ஜ் லெ பிரன், பாடியவர் கஸ் எலென். கிழக்கு லண்டனில் நெருக்கமான வீடுகளுக்கு நடுவே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கொல்லைப்புறம். அதைத் தன் தோட்டம் என்று ஒருவர் பெருமையாகக் காட்டுகிறார். சந்தையில் மிஞ்சிய காய்கறியை வைத்தே அதைத் தோட்டமாக அலங்கரித்திருக்கிறார். ஏணி ஒன்றும் தொலைநோக்கி ஒன்றும் இருந்தால், இங்கிருந்தே ஹாக்னியின் புல்வெளி தெரியும், நடுவில் வீடுகள் மட்டும் இல்லாவிட்டால் என்கிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலருக்கு அதே மாதிரி கொல்லைப்புறம்தான் வீட்டில் இருந்தது. வறுமையைப் பற்றிய இத்தனை கூர்மையான வரிகளை அந்தக் காலத்துப் பெரிய கவிஞர்களிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1892இல் ஆல்பர்ட் செவாலியே பாடிய ‘மை ஓல்ட் டச்’ நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியைப் பற்றியது. பாட்டாக மட்டும் கேட்டால் இனிமையான காதல் பாட்டு. ஆனால் அவர் அதை ஏழைகள் விடுதியின் வாசலில் நடப்பதாக மேடையில் அமைத்தார். பிழைக்க வழியில்லாதவர்கள் போய்ச் சேரும் அந்த விடுதிகளில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். வயதான தம்பதியானாலும் வாசலிலேயே பிரித்துவிடும் வழக்கம் இருந்தது. அந்த வாசலில் நின்று ஒரு கிழவர் நாற்பது வருடக் கதையைப் பாடுகிறார். அச்சிட்ட வரிகளை மட்டும் படிப்பவருக்கு அந்த வாசல் தெரியாது.

இனி காகிதத்துக்கு வருவோம்.

மியூசிக் ஹால் வருவதற்கு முன்பே லண்டனில் தெருப்பாட்டுத் தாள் பெரிய வியாபாரம். செவன் டயல்ஸ் என்ற ஏழைப் பேட்டைதான் அதற்கு மையம். ஜேம்ஸ் கேட்நாக் 1813இலிருந்து அங்கே அச்சகம் நடத்தினார். அவருக்குப் போட்டியாக ஜான் பிட்ஸ். மெலிந்த காகிதம், ஒரு பக்கம் மட்டும் அச்சு, மேலே ஒரு மரச்செதுக்குப் படம், கீழே பாட்டு. படத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சகத்தில் கிடக்கிற பழைய மரக்கட்டையில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார்கள். காதல் பாட்டுக்கு மேலே கப்பல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விற்ற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் பிழைப்பை நேரில் விசாரித்து எழுதியவர். அது 1851இல் புத்தகமாக வந்தது. நீண்ட தாள்களில் வரிசையாகப் பாட்டுகளை அச்சடித்து, உயரமான கோலில் ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். ‘மூன்று கெஜம் ஒரு பென்னி’ என்று கூவி விற்பார்கள். துணி அளப்பது மாதிரி பாட்டை அளந்து விற்றிருக்கிறார்கள்! சுவரிலும் கம்பி வேலியிலும் தாள்களைக் குத்தி வைத்து, நிற்கிறவர்கள் படித்துப் பார்த்து வாங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

மியூசிக் ஹால் பாட்டுகள் இந்த ஓடையில்தான் வந்து விழுந்தன. மேடையில் ஒரு பாட்டு பிடித்துக்கொண்டால், அடுத்து அதன் வரிகள் தெருவில் தாளாக வரும். காதால் கேட்டு எழுதியதால் வார்த்தைகள் பல இடங்களில் திரிந்திருக்கும். இன்று இரண்டு தாள்களை ஒப்பிட்டால் ஒரே பாட்டு இரண்டு விதமாக இருப்பதைக் காணலாம். இவற்றோடு குட்டிப் பாட்டுப் புத்தகங்களும் விற்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவு, பொடி எழுத்து, சில பக்கங்களுக்குள் ஏகப்பட்ட பாட்டுகள், அட்டையில் ஒரு பாடகரின் பெயரோ படமோ. ஸ்வரக் குறிப்பு கிடையாது.

சரி, மெட்டு இல்லாமல் வரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெட்டு ஏற்கெனவே காதில் இருந்தது. தெருவில் கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் பேரல் ஆர்கன்காரர் அதைக் கொண்டுவருவார். பொட்டலம் கொடுக்கப் போகும் கடைப் பையன் சீட்டியடிப்பான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பாட்டும் வேடிக்கையுமாக நடக்கும் பாண்டமைம் நாடகங்களில் டான் லீனோ, மேரி லாய்டு போன்ற மியூசிக் ஹால் நட்சத்திரங்களே நடித்ததால், அரங்குக்குப் போகாத குடும்பங்களும் பாட்டைக் கேட்டன. பழைய தாள்களில் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். தெரிந்த மெட்டில் புது வரிகளைப் பாடிக்கொள்ள அது போதும். ஆக, பல்லவி ஊருக்கே தெரியும். சரணங்கள்தான் நினைவில் நிற்காது. பென்னிப் புத்தகம் வாங்கியதே பெரும்பாலும் அந்த மறந்துபோன சரணங்களுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மெட்டு எப்படியெல்லாம் கை மாறும் என்பதற்கு ‘ஷாம்பெயின் சார்லி’யே சாட்சி. குடியை எதிர்த்த சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு 1880களில் அதே மெட்டில் பக்திப் பாட்டு பாடியது. குடிகாரர்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே அவர்களைக் கூப்பிட்டார்கள்.

அச்சு மலிந்ததற்குத் தனிக் காரணங்கள் உண்டு. நீராவி அச்சு இயந்திரம் வந்தது, 1861இல் காகித வரி நீங்கியது, 1870இன் கல்விச் சட்டத்துக்குப் பின் எழுதப் படிக்கத் தெரிந்த ஏழைகள் பெருகினார்கள். அவ்வளவுதான், இதில் அதிகம் நிற்கத் தேவையில்லை.

இசைத்தாள் வேறு உலகம். பியானோ உள்ள நடுத்தர வீடுகளுக்கானது. அதன் அழகே அட்டைப்படம்தான்: கல்லச்சில் பல வண்ணத்தில், பாடகர் வேடத்தோடு நிற்பார். அந்த ஓவியர்களில் முதல் பெயர் ஆல்ஃபிரட் கான்கனன். மைனரின் கைத்தடி, மோதிரம், சட்டையின் மடிப்பு வரைக்கும் அவர் படத்தில் இருக்கும். பாடகரின் பெயர் பெரிதாக, எழுதியவர் பெயர் சின்னதாக. எழுதியவர்களுக்குக் கிடைத்த காசும் சின்னதுதான். பாட்டை மொத்தமாகப் பாடகரிடம் விற்றுவிடுவது வழக்கம். ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கிடைத்தால் சரி என்று கொடுத்தவர்கள் உண்டு. பாட்டு பின்னால் எவ்வளவு சம்பாதித்தாலும் அவர்களுக்கு அதில் பங்கில்லை. இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாடகர்கள் எல்லாம் கொழித்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1868இல் வில்லியம் ஹாலண்ட் என்ற அரங்க நிர்வாகி லேபோர்னோடு ஒப்பந்தம் போட்டார். மேடைக்கு வெளியேயும் அவர் மைனராகவே திரிய வேண்டும், நான்கு குதிரை பூட்டிய வண்டியில் அரங்கங்களுக்குப் போக வேண்டும், ஷாம்பெயின்தான் குடிக்க வேண்டும். பாட்டில் வந்த ஆளாகவே அவர் வாழ வேண்டியிருந்தது. 1884இல் இறந்தபோது அவருக்கு வயது 42, கையில் காசில்லை.

பாடும் உரிமை யாருக்கு என்பதிலும் சண்டை நடந்தது. 1870களில் ஹாரி வால் என்பவர் பழைய பாட்டுகளின் உரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தேவாலயக் கூடத்திலும் தர்மக் கச்சேரியிலும் தெரியாமல் பாடியவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு தடவை பாடியதற்கு 2 பவுண்டு கேட்டார். பாவம், காசு வாங்காமல் பாடிய பெண்களெல்லாம் மாட்டினார்கள். அதன் விளைவாக 1882இல் சட்டம் மாறியது: மேடை உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறவர் அதைத் தாளிலேயே அச்சிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிந்திய மியூசிக் ஹால் இசைத்தாள்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் ஒரு வரி இருக்கும்: நாடக அரங்குகளையும் மியூசிக் ஹால்களையும் தவிர மற்ற இடங்களில் இதைக் கட்டணமோ அனுமதியோ இல்லாமல் பாடலாம். வீட்டில் பாடு, தேவாலயக் கூடத்தில் பாடு. மேடை மட்டும் வாங்கியவருக்குச் சொந்தம். எனக்கு அந்த ஒரு வரியிலேயே வியாபாரம் முழுதும் தெரிகிறது. ஊரார் பாடப் பாடத் தாள் விற்கும். அப்புறம் நூற்றாண்டின் திருப்பத்தில் திருட்டு அச்சு கிளம்பியது. அசல் ஒரு ஷில்லிங்குக்கு மேல் விற்ற தாளை 2 பென்ஸுக்குத் தெருவில் விற்றார்கள். 1902இலும் 1906இலும் சட்டம் போட்டுத்தான் அதை அடக்க முடிந்தது.

அரசியலும் இந்தப் பாட்டுகளில் ஏறியது. 1877, 78இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் நடந்தபோது, பிரிட்டன் இறங்குமா என்ற பரபரப்பில் ஜி. டபிள்யூ. ஹன்ட் எழுதிய பாட்டை ஜி. எச். மெக்டெர்மட் பாடினார். நமக்குச் சண்டை வேண்டாம், ஆனால் ‘பை ஜிங்கோ’, வந்தால் விட மாட்டோம் என்பது பல்லவியின் சாரம். ‘பை ஜிங்கோ’ வெறும் சத்தியச் சொல். அதிலிருந்துதான் போர்வெறி பிடித்த நாட்டுப்பற்றைக் குறிக்கும் ‘ஜிங்கோயிசம்’ என்ற சொல் 1878இல் பிறந்தது. மியூசிக் ஹாலே போர்வெறிக் கூடாரம் என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. அதே சமயத்தில் ஹெர்பர்ட் கேம்பெல், எனக்குச் சண்டையே வேண்டாம் என்று அந்தப் பாட்டையே கிண்டல் செய்து பாடினார். அதற்கும் கூட்டம் கைதட்டியது.

இந்தப் பாட்டுகளில் சில நமக்கே தெரிந்திருக்கும். இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளில் போகலாம் வா என்று காதலியைக் கூப்பிடும் ‘டெய்சி பெல்’ ஹாரி டேக்கர் 1892இல் எழுதியது. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினியைப் பாட வைத்தபோது அது பாடியது இதைத்தான்.

தெருத்தாள்களைப் பார்க்க ஆசையென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் சுமார் 30,000 தாள்களைச் சேர்த்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எல்லாம் மியூசிக் ஹால் பாட்டுகள் இல்லை, பழைய நூற்றாண்டுத் தாள்களும் உண்டு. ஒரே மரக்கட்டைப் படம் எத்தனை பாட்டுகளுக்கு உழைத்திருக்கிறது என்று அதில் தேடிப் பார்க்கலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. கஸ் எலென் பாடிய ‘இட்ஸ் எ கிரேட் பிக் ஷேம்’ என்ற பாட்டின் வரிகளை முதலில் தேடி எடுத்து, மெட்டு எதுவும் கேட்காமல் படியுங்கள். ஆறடி மூன்று அங்குலம் உயரமான நண்பன் கல்யாணம் செய்துகொண்டு, நாலடி சொச்சமே இருக்கும் மனைவியிடம் அடங்கிக் கிடக்கிறானே என்று ஒருவன் புலம்பும் பாட்டு. படிக்கும்போது சாதாரண நகைச்சுவையாகத்தான் தோன்றும். அதன் பிறகு, 1932இல் பதே என்ற செய்திப்பட நிறுவனம் எடுத்த படத்துண்டைப் பாருங்கள். எலெனுக்கு அப்போது வயது எழுபதை ஒட்டி. காய்கறி வண்டிக்காரர் வேடம். முகத்தில் ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது. நண்பனை இழந்த துக்கத்தை அவ்வளவு கனமாகச் சொல்கிறார்.